என்னுது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட
எங்கள் மைதானம்.
மைதானம் என்பது ஒரு மரியாதைக்கு.
ஒரு பக்கம் கூட்ஸ் வண்டி, மறு பக்கம் குடோன் சுவர்,
நடுவில், மழை பெய்தால் ஒரு வாரத்துக்குக் குளம்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
"வார்டன்மா, இன்னிக்கு கேஸ் நாத்தம்" என்பார்கள்.
சொல்லிக்கொண்டே ஓடுவார்கள்.

நாலரை முதல் ஐந்தரை வரை 'பொழுதுபோக்கு'
என்று அச்சடித்திருக்கும் என் பதிவேட்டில்.
பக்கத்தில் இன்னொரு பத்தி, கொஞ்சம் அகலமாக:
'விளையாட்டால் குழந்தைக்கு விளைந்த நன்மை.'
ஆறு வருஷமாக 'நன்று' என்று எழுதுகிறேன்.
அதற்குக் கீழே 'மேற்படி'.
அதற்கும் கீழே 'மேற்படி'.

போன ஆடியில் வந்தாள்.
காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கிடைத்ததாக
ஸ்டேஷன் காகிதம் சொன்னது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பேர் கேட்டதற்கே மூன்றாம் நாள்தான் பதில்:
எப்சிபா.

எங்கள் இல்லத்தில் எல்லாம் எல்லாருக்கும்.
சோப்பை நூலால் நாலாக அறுப்போம்.
துவைத்து வந்த சட்டையில் எது பொருந்துகிறதோ அது.
பிறந்தநாள்கூட,
தெரியாதவர்களுக்கெல்லாம் ஜூன் ஒன்று;
பதினொரு பேர் சேர்ந்து ஒரே கேக்கை ஊதுவார்கள்.

உயரமாயிருக்கிறாள் என்று கோலில் நிறுத்தினார்கள்.
இரண்டு எண்ணெய் டின், நடுவில் அவள்.
பந்து வரும். பார்ப்பாள்.
வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று
ஒதுங்கிக்கொள்வாள்,
சாப்பாட்டு வரிசையில் ஒதுங்குகிற அதே ஒதுங்கல்.
ஒரே சாயங்காலத்தில் ஒன்பது கோல்.

"வாயத் தொறடி! என்னுதுன்னு கத்து!
நீ கத்துனாத்தானே நாங்க வுடுவோம்!"
ஷாகிரா போட்ட சத்தத்தில்
தண்டவாளத்தோரம் போன ஆள் நின்று பார்த்தார்.
எப்சிபா உதட்டை மட்டும் அசைத்தாள்.
பத்தாவது கோல்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு திங்கட்கிழமை.
கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது, ஐம்பது அறுபது பெட்டி,
பக்கத்தில் பேசுவதே கேட்காது.
மூலையிலிருந்து பந்து மேலே எழும்பியது.
அவள் வாய் திறந்ததைப் பார்த்தேன்.
அந்த இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு கத்துகிறாள்,
ஒரு தரம், இரண்டு தரம்.
கடைசிப் பெட்டி கடந்துவிட்டதைக் கவனிக்கவில்லை.
"என்னுது!"
மூன்றாவது மட்டும் தனியாக நின்றது
அத்தனை பெரிய அமைதியில்.

பந்தை வயிற்றோடு சேர்த்துச் சேற்றில் கிடந்தாள்.
திருப்பித் தரவில்லை.
ஷாகிராதான் குனிந்து கெஞ்சினாள்:
"ஆட்டம் நடக்கணும், குடு எப்சி."

ராத்திரி எட்டு மணிக்குச் சண்டை.
நீலத் துண்டு.
நியாயமாகப் பார்த்தால் அது யாருடையதும் இல்லை,
ஒரு பண்டிகைக்கு யாரோ கொடுத்துவிட்டுப் போனது.
"என்னுது" என்று இழுத்தவள்
வனஜோதியின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள்.
டெட்டால் போட்டேன். நாலு பல் தெளிவாகத் தெரிந்தது.
வனஜோதி அழுகை நிற்க ஒன்பதரை ஆயிற்று.
அவள் மேல் தப்பே இல்லை.

விதிப்படி, விடிவதற்குள்
சிவப்பு அட்டைப் புகார் நோட்டில் ஏற வேண்டும்.
எடுத்தேன். தேதி போட்டேன்.
பேனா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு மற்றதைத் திறந்து,
அந்த அகலமான பத்தியில்,
'மேற்படி'களுக்குக் கீழே எழுதினேன்:
கத்தினாள். பிடித்தாள். கடித்தாள்.
துண்டை இன்னும் தரவில்லை.

ஆய்வுக்கு வருகிறவர் கேட்பார்.
கேட்கட்டும்.
காலையில் வனஜோதிக்கு ஒரு துண்டு வாங்க வேண்டும்,
வேறு நிறத்தில்.