வேனை எங்கே நிறுத்துவது

காலிமுகத்திடலில் இரவு பன்னிரண்டுக்குக்
கண்ணாடியில் தட்டினார்கள்.
காற்று வாங்கலாமாம், இறால் வடை வாங்கலாமாம்,
கண் மூடக் கூடாதாம்.
சரி ஐயா என்றேன். சாவியைத் திருப்ப
டொல்பின் இரண்டு தரம் இருமி எழும்பியது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வேன் இது.
இருக்கைகளைக் கழற்றி
மூன்றங்குல மெத்தை, ஒரு காஸ் அடுப்பு,
பெரும்பாலும் ஒழுகாத கூரை.
யன்னலோரம் எந்தப் பிள்ளையோ ஒட்டிய
நட்சத்திரங்களை மட்டும் நான் உரிக்கவில்லை.
சுக்கைனா அவற்றை எண்ணியபடி படுத்தாள்.
இத்ரீஸுக்கு வயிறு சரியில்லை:
கொத்து ரொட்டியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டான்.

விடிய அவள் மட்டும் இறங்கினாள்.
"கோட்டை என்கிறீர்களே, சுவர் எங்கே?"

அவளுடைய மெக்னெஸில்
சுவர் முடிய ஒரு நாள் நடக்க வேண்டுமாம்.
வாசல்களுக்கெல்லாம் பெயர் உண்டாம்.
பெரிய வாசலைக் கட்டியவனைப் பற்றி
மூன்று கதை சொல்வார்களாம்,
மூன்றிலும் அவன் சாகிறான்.

வெள்ளைக்காரன் இடித்துவிட்டான் என்றேன்.
வேறென்ன சொல்ல?
இருபது வருடமாய் இந்த நகரத்தை
ஒருவழிப் பாதைகளாய்த்தான் தெரியும்.
எங்கே திரும்பலாம், எங்கே திரும்பினால் தண்டம்.
நடந்து பார்த்ததில்லை.

சொல்லாதது:
சுவரில்லாத இதே சந்தியில்
இரண்டாயிரத்து ஏழில், மணல் மூட்டைகளின் நடுவே
என் அடையாள அட்டையை ஒருவன்
இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
பிறந்த இடத்தின் மேல் விரலை வைத்தது.
அந்த விரலின் நகத்தில் அழுக்கிருந்தது.

புறக்கோட்டைக்குள் வேன் போகாது. நடந்தோம்.
"சைட்! சைட்!"
வெங்காய மூட்டையின் கீழே ஒரு நாட்டாமை,
தலை தெரியவில்லை, கால்கள்தான் வந்தன.
நான் தடுமாற, அவள் நொடியில்
கடைக் கதவோடு ஒட்டிக்கொண்டாள். பழகிய உடம்பு.
"எங்கள் ஊரில் கழுதைக்காரன் பாலக் என்பான்.
சொல் வேறு, அவசரம் இதே அவசரம்."

பின்கதவுக்கு ஒரு கீல் தேவைப்பட்டது.
அதற்காகத்தான் பழைய சோனகத் தெருவுக்குப் போனோம்.
பலகையின் கீழ் வரியை அவள் வாசித்தாள்:
மூர்.
"மூர் என்றால் நாங்கள் அல்லவா?"

போர்த்துக்கேயன், உங்களோடு கொண்ட பகையைக்
கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து
இங்கே தொழுதவர்களின் தலையில் இறக்கிவிட்டான் என்று
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.
கீல் விற்ற மர்சூக்குக்குச் சிரிப்பு.
"மொரோக்கோவ நாங்க
வேர்ல்ட் கப்லதான் கண்ட.
அண்டைக்கு விடிய விடிய ஒங்களுக்குத்தான் கத்தின.
சொல்லுங்க, தங்கச்சிக்கு."
சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்தாள்.
கீலுக்கு அவன் நூறு ரூபா குறைத்தான்,
திருகாணி இலவசம்.

மத்தியானம் மறுபடி கோட்டை.
வங்கிக்குப் பக்கத்தில், ஏசி இயந்திரங்கள் வெப்பம் துப்புகிற இடத்தில்
அவள்தான் கண்டுபிடித்தாள்:
ஒரு வாசல்.
இந்தப் பக்கம் சுவரில்லை. அந்தப் பக்கமும் இல்லை.
வாசல் மட்டும், வந்த வேலையை மறந்து
நிற்கிற ஆளைப் போல.

"டெல்ப்ட் என்று போட்டிருக்கிறது. யார் அது?"

ஆளில்லை. என் ஊர்.
நெடுந்தீவு. பவளக்கல் வேலி, உப்புக்காற்று,
யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள்.
ஒல்லாந்தன் தன் ஊர்ப் பெயரை
எங்கள் தீவின் மேலும் எழுதினான்,
இந்தக் கல்லின் மேலும் எழுதினான்.
இருபது வருடம் இதைத் தாண்டி ஓட்டியிருக்கிறேன்,
மூன்றாம் கியரில்.

உள்ளே போனேன். வெளியே வந்தேன்.
திரும்ப உள்ளே போனேன்,
அல்லது வெளியே. சுவரில்லாமல்
எது எதுவென்று எப்படித் தெரியும்?
சுக்கைனா படம் எடுக்காமல் நின்றாள்,
அதற்காக அவளை எனக்குப் பிடித்தது.
யாரும் அட்டை கேட்கவில்லை.

வங்கிக் காவலாளிதான் ஓடி வந்தான்.
"அந்த வேன் ஒங்கடயா?
உள்ளுக்கு ஒராள் எழும்பி
சோறு கேக்குது.
இங்க நிப்பாட்ட ஏலாது, எடுங்க."