திரிந்த பால்

காலை ஆறு பத்து. கிளிநொச்சியில்
இரும்புக் கடைக்கு மேல்மாடி எங்கள் அறை.
மல்லாவி, துணுக்காய், நெடுங்கேணி, விசுவமடு என்று
நூற்றுப் பதினாலு பால் நிலையங்கள்
ஒரே நேரத்தில் பேசத் தொடங்குகின்றன.
உறுப்பினர் எண், லீற்றர், கொழுப்பு.
கானுக்கு ஒரு வரி.

முதல் வருடம் ஒவ்வொரு வரிக்கும்
புதிதாய் ஓர் இணைப்புத் திறந்தோம்.
நீ யார், எங்கிருந்து, கடவுச்சொல் என்ன,
சரி வா, வைத்துவிட்டுப் போ.
அடுத்த கான். மறுபடி, நீ யார்.
ஓமந்தையில் அம்மா பையைக் கொட்டி
சவர்க்காரத்தைக்கூட வெட்டிப் பார்க்கக் கொடுத்து
திரும்ப அடுக்கியதை
ஏழு வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு இருபது இணைப்புகளைத்
திறந்தபடியே வைத்துக்கொண்டோம்.
எடு, எழுது, திருப்பி வை.
அந்த இருபதுக்கும் நிரலில் குளம் என்று பேர் வைத்தேன்.
பாதி ஊர் அப்படி முடிகிற இடத்தில்
யாரும் விளக்கம் கேட்கவில்லை.

வரிகளும் ஒற்றை ஒற்றையாய்ப் போவதில்லை.
ஐந்நூறு சேர்ந்தால் ஒரு நடை,
சேராவிட்டாலும் இரண்டு செக்கனில் ஒரு நடை.
ஒரு கோப்பைப் பாலுக்கு பவுசர் புறப்படாது,
நிரம்பட்டும் என்று மத்தியானம் வரை நிற்கவும் நிற்காது.

சேர்வர் மூன்று. இங்கே, வவுனியாவில், முல்லைத்தீவில்.
இரண்டு ‘எழுதிவிட்டேன்’ என்றால் எழுதியதுதான்.
மழைக்கு முல்லைத்தீவு லைன் அறுந்தால்
மற்ற இரண்டும் காத்திருப்பதில்லை,
மறப்பதுமில்லை.
அது திரும்பி வந்ததும்
இல்லாத நாட்களை அதற்குச் சொல்லிக்கொடுக்கின்றன.
‘மெஷினுக்கெண்டா எவ்வளவு சுகமா நடக்குது’
என்றான் கிருசாந்தன்.
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை
குளம் வற்றியது.
ஆறு நாற்பதுக்கு இருபதும் போய்விட்டன.
போனவை வேலையும் செய்யவில்லை, திரும்பவுமில்லை.
மல்லாவியிலிருந்து கோகுலராணியின் அழைப்பு:
‘பிள்ளை, உங்கட வட்டம் சுத்திக்கொண்டு நிக்குது.
பால் அப்பிடி நிக்காது.’
நிறுத்தி மறுபடி தொடங்கினோம். ஓடியது, வற்றியது.
‘நாப்பதாக்கு’ என்றான் கிருசாந்தன்.
எட்டு மணிக்கு நாற்பதும் இல்லை.

இரவு பதிவை வரிவரியாய் வாசித்தேன்.
தொலைந்த இணைப்பு ஒவ்வொன்றுக்கும் முன்னால்
அதே ஒரு சொல், நிராகரிப்பு.
வெயிலில் திரிந்த பால்.
நல்ல பாலென்றால் எழுதி, இணைப்பைத் திருப்பி வைக்கிற என் நிரல்
திரிந்த பாலைக் கண்டதும்
பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறது,
இணைப்பைக் கைக்குள் பொத்தியபடி.
மற்ற மாதங்களில் நாளுக்கு ஒன்றோ இரண்டோ.
நள்ளிரவு மீள்தொடக்கம் அதை மூடிவிட்டது.
இருபது பேருடைய பால் ஒரே காலையில் திரியுமென்று
நான் நினைத்திருக்கவில்லை.

திருத்தம் மூன்று வரி.
எது நடந்தாலும், கடைசியில், திருப்பி வை.

ஆனால் பாதியில் வெளியேறிய நிரல்
அந்தக் கான்களை எங்கும் எழுதவுமில்லை.
நெடுங்கேணி, நானூற்றுப் பதினேழாம் எண்,
மூன்றேகால் லீற்றர்,
மூன்று நாள் தொடர்ந்து வந்து
மூன்று நாளும் திருப்பி அனுப்பப்பட்டவர்.
மூன்று சேர்வரிலும் அவர் வரவேயில்லை.

இரண்டு வருடப் பதிவைக் கிளறி எடுத்தேன்.
ஆயிரத்து முப்பத்தொரு வரி.
மூன்று நடையில் போய்ச் சேர்ந்தது.
இங்கும் வவுனியாவும் உடனே ஒப்புக்கொண்டன,
முல்லைத்தீவு கொஞ்சம் பிந்தி.

திங்கட்கிழமை கோகுலராணி எடுத்தார்.
‘திரிஞ்ச பாலுக்கும் துண்டு அடிச்சுக்கொண்டு வருது.
காசு பூச்சியமெண்டு கிடக்கு. என்ன செய்ய?’

குடுங்கோ, என்றேன்.