தவறான எச்சரிக்கை

சத்தியமங்கலத்து வன அலுவலகத்தில்
எனக்குத் தீ என்பது
திரையில் ஒரு சிவப்புச் சதுரம்.
தொட்டால் ஓர் எண் விரியும், பக்கத்தில் இன்னோர் எண்.
மாசி பிறந்தால் சதுரங்கள் பெருகும்.
ஒவ்வொன்றுக்கும் மலையில் யாரையாவது
எழுப்ப வேண்டும்.

பெரும்பாலும் கேத்தனை.
அவனை நான் பார்த்ததில்லை.
திம்பத்துக்கு மேலே சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்று
அவனுக்குத் தெரியும்.
பேசும்போதெல்லாம் குரலுக்குப் பின்னால் காற்று.

"அது நெருப்பில்லீங்க, வெயில்ல காஞ்ச பாறை."
"அணைச்சாச்சுங்க. ஆறு பேரு,
பச்சத் தழையில அடிச்சே அணைச்சோம்.
ஊதற மிசினுக்குப் பெட்ரோல் இல்லீங்க."
"மூணு மாசக் கூலி, மேடம்…"
அதை எழுத என்னிடம் கட்டம் இல்லை.

ஒருமுறை மூன்று நாள் விடாமல் எரிந்தது.
உண்ணிச்செடியில் ஏறி
வேங்கை உச்சிவரை போனதாம்.
நாலாம் நாள் அவனாகவே கூப்பிட்டான்,
நான் எதுவும் கேட்காமலே சொன்னான்:
"தையில சருகுக்கு வெப்பாங்க எங்காளுக.
முழங்கால் ஒசரங்கூட வராது,
ஆமைகூட நடந்தே தப்பிச்சுக்கும்.
நெல்லியில புல்லுருவி ஏறாது.
எங்கப்பனுக்குத் தீ வெச்சதுக்குக் கேசு,
எனக்குத் தீ அணைக்கறதுக்குக் கூலி.
ரெண்டும் ஒரே ஆபீசுதானுங்க."
சிரித்தான் என்று நினைக்கிறேன்.
காற்றாகவும் இருக்கலாம்.

காரணம் என்ற கட்டத்தில்
'மனிதர்' என்று தொட்டேன்.
அதைவிட்டால் 'மின்னல்' மட்டும்தான் இருந்தது.

எங்கள் தோட்டம் அரியப்பம்பாளையத்துக்குப் பக்கம்.
கரும்பு வெட்டி முடித்ததும்
அண்ணன் தோகைக்குத் தீ வைப்பான்.
மாடியில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் கரி.
அந்தச் சதுரமும் என் திரைக்கு வரும்.
'பட்டா நிலம்' என்று அமுக்கிவிட்டு
டீ குடிக்கப் போவேன்.

பங்குனியில் அம்மன் குண்டம்.
ஒரு வேண்டுதல். எதற்கென்று சொல்ல மாட்டேன்.
மஞ்சள் சேலை ஈரத்தோடு
வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.
வண்டி வண்டியாய் வந்து குவிந்த எரிகரும்பு
முன்னிரவில் பற்றி,
தணலாய்ப் படிந்துகொண்டிருந்தது.
விறகுக்குக் கரும்பென்று
யார் பெயர் வைத்தார்களோ,
தித்திப்பை அறிந்தவர்கள்தான் வைத்திருப்பார்கள்.
நீண்ட மூங்கிலால் தட்டித் தட்டி
நெருப்பைப் பாத்தி கட்டுவதுபோல் நிரவினார்கள்.

இரண்டரை மணிக்கு இடுப்பில் செல்போன் அதிர்ந்தது.
புதிய தீப்புள்ளி.
எண்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
அண்ணாந்து பார்த்தேன்,
என்னைப் பார்த்தது எப்போதோ கடந்து போயிருக்கும்.

அதற்குள் கேத்தன்:
"அடிவாரத்துல ஒரு பாயிண்ட் மேடம். போகட்டுங்களா?"
"வேண்டாம். அது குண்டம்.
நான் இங்கேதான் இருக்கிறேன்."
கொஞ்ச நேரம் காற்று.
"சரிங்க. அப்ப அணைக்க வேண்டியதில்லை.
எறங்குனா நிக்காதீங்க மேடம்.
நின்னாத்தான் சுடும்."

நாலு மணிக்கு இறங்கினேன்.
எத்தனை அடியென்று எண்ணவில்லை.
இரண்டாவது அடியில் அது மெத்தென்றிருந்தது,
உழுத மண் போல.
இத்தனை வருடத் தீயில்
நான் பார்த்த முதல் தீ அதுதான்,
அதுவும் உள்ளங்காலால்.

விடிந்தபின் பஸ் ஸ்டாப் திண்டில் உட்கார்ந்து
பதிவை முடிக்கப் பார்த்தேன்.
காட்டுத் தீ.
பட்டா நிலம்.
தவறான எச்சரிக்கை.
மூன்றில் ஒன்றைத்தான் தொட முடியும்.
இடது பாதத்தில் நெல்லிக்காய் அளவு கொப்புளம்.
மூன்றாவதைத் தொட்டேன்.

மலைப்பக்கம் வெளுப்பாய் ஒரு கோடு எழுந்தது.
மஞ்சாகவும் இருக்கலாம்.
திரையில் எதுவும் இல்லை.
நானாகக் கேத்தனைக் கூப்பிட்டேன்.
அவன் பாறையில் இல்லை.