சாவி ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது

பனிக்கால டயருக்கென்று பிஸ்கட் டப்பாவில் சேர்த்தது
மூன்று லட்சம் பெசோ.
தானிட்சா அதை எண்ணினாள், என்னைப் பார்க்காமலே.
"டயருக்கு இன்னும் ஒரு வருஷம் உயிர் இருக்கு."
இருந்தது,
வழுக்கையில் முடி இருப்பதுபோல.

புந்தா அரேனாஸின் வரியில்லாக் கடைகளில்
விற்பவன் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினான்.
பொத்தானுக்குப் பொத்தான் வானவில் எரியும் ஒன்று.
அப்பளம்போல் மெலிந்த ஒன்று;
விலையைக் கேட்டதும் எனக்குப் பல் கூசியது.
இவள் கேட்டதெல்லாம்
"கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா?"
குனிந்து, விசைப்பலகைமேல் கன்னத்தைச் சாய்த்து,
கண்ணை மூடிக்கொண்டாள்.
உள்ளே ஒரு விசிறி. சின்னதுதான்.
"பாட்டுக்கு அடியில வந்து உட்கார்ந்தா
இது எழுந்திருக்காது."
அடுத்தது. கன்னம். அடுத்தது. கன்னம்.
பின்னால் நின்ற மாலுமி ஒருவன்
ஜாடையில் கேட்டான், தலைக்கு ஏதாவதா என்று.
தெரியவில்லை என்றேன், நானும் ஜாடையில்.

கடைசியில் கையைக் கடிக்காமல் கிடைத்தது
மூடிப்போன கால்நடை மருத்துவமனையின் மேசைக் கணினி.
எண்பதாயிரம் சொன்னார்கள், எழுபத்திரண்டுக்குப் படிந்தது.
உள்ளே இன்னமும்
ஆயிரத்துச் சொச்சம் ஆடுகளின் ஊசிக் கணக்கு.
நான்காக இருந்த நினைவகம் பதினாறானது.
சுழலும் வட்டைக் கழற்றிவிட்டு
சுழலாத ஒன்றைப் பொருத்தினாள், யாரையும் கேட்காமல்.
நண்டு ஆலையில் பழகிய விரல்கள்;
ஓடு எந்த இடத்தில் விடும் என்று தெரியும் அவற்றுக்கு.
மிச்சத்தில் பழைய மைக்,
அதைவிடப் பழைய ஹெட்போன்,
பத்து மீட்டர் கேபிள்.
கேபிள் எதற்கு?
கணினியைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்த.

முதல் இரவு அவள் குரல்
அவள் காதுக்கே தாமதமாக வந்தது.
"நான் பாடிட்டுப் போன இடத்துல
யாரோ நின்னு பாடுறாங்க."
மில்லிசெகண்ட் என்ற சொல் அன்றுதான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றிருந்த எண்ணை
நூற்றிருபத்தெட்டுக்கு இறக்கினாள். கணினி இருமியது.
இருநூற்றைம்பத்தாறு. இருமல் நின்றது.
சாந்தமாக மூச்சு விட்டது, குளியலறையில்.

பிறகு தொடங்கியது வேட்டை.
சுவர்க்கடிகாரம் கம்பளிக்குள் போனது.
சொட்டும் குழாய்க்கு அடியில் துணி.
பிறகு ஃப்ரிட்ஜ். நிறுத்தினாள், நன்றாக இருந்தது.
திரும்பப் போட மறந்தாள், பாதி ஆடு நாறியது.
அன்றிலிருந்து பாடுவதற்கு முன்
என் கார் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிறாள்:
விடிந்தால் நான் வாடகை வண்டி ஓட்டியாக வேண்டும்,
சாவி தேடும் கை ஃப்ரிட்ஜைத் திறக்காமலா போகும்?
எல்லாம் அடங்கிய பிறகு
ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கிச் சொன்னாள்,
"நீ மூச்சு விடுறது கேட்குது, எலாதியோ."
நாற்பத்தாறு வருஷமாக விடுகிறேன்.
இதுவே முதல் புகார்.

ஆகவே, காரில் இருக்கிறேன்.
சாவி உள்ளே, வெண்ணெய்க்குப் பக்கத்தில்.
சூடேற்ற வழியில்லை. வானொலியும் கிடையாது.
நீரிணையைத் தாண்டி வரும் காற்று
கதவைப் பிடித்து உலுக்கிப் பார்க்கிறது.
எனக்கு அடியில் அந்த நான்கு வழுக்கைகள்.
சமையலறை ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம்,
அதில் அவள் வாய் திறக்கிறது, மூடுகிறது.
ஒரு சொல் கேட்கவில்லை.
ஓர் இடத்தில் புருவம் மேலே ஏறுகிறது,
கழுத்து நரம்பு இங்கிருந்தே தெரிகிறது.
அங்கே நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்,
இரண்டு கண்ணாடிகளுக்கு இந்தப் பக்கம்.

விளக்கு இரண்டு முறை சிமிட்டினால் வரலாம் என்று பேச்சு.
சிமிட்டவில்லை.
தலையை ஆட்டிவிட்டு
கித்தாரின் கழுத்தை மறுபடி பிடிக்கிறாள், முதலிலிருந்து.
நான் இல்லை, சத்தியமாக.
காற்றாக இருக்கும்.