அஞ்சு அங்குலம்

அச்சு, வில்லுத்தகட்டுக்கு மேலே கிடந்தது.
கழற்றித் தகட்டுக்குக் கீழே மாட்டினால்
வண்டி தானாக எழும்பும் என்றார் ஏறாவூர் நிஸ்தார்.
"அஞ்சு அங்குலம். கூடவும் வராது, குறையவும் வராது.
மறுகா என்னக் குறை சொல்லப்படாது."

குறை சொல்கிற நிலையில் நான் இல்லை.
மார்கழியில் புலிபாய்ந்தகல் ரோட்டில்
தண்ணீர் கதவடியால் ஏறி வந்து
கீழ்த்தட்டில் இருந்த கண்ணாடிச் சட்டங்களைப்
போட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.
நூற்றிப் பன்னிரண்டு சட்டம்.
ஒவ்வொரு ஆணியிலும் துரு.

குருமண்வெளித் துறையில் வேறு சண்டை.
நிலத்தில் கிடப்பது ரோட்டு;
வாவியில் மிதப்பதைத்தான் நாங்கள் பாதை என்போம்.
அந்தப் பாதையில் ஏற்றும்போதெல்லாம்
வண்டியின் பின்பக்கம் பலகையை உரசும்.
உரசுகிற சத்தத்தில்
பாதைக்காரருக்குப் பல் கூசும், எனக்குக் காசு கூசும்.

உயர்த்தினோம்.
தொண்ணூறாயிரம், ஒன்றரை நாள்,
இரண்டு போத்தல் நெக்டோ.

அதற்குப் பிறகு
பாதையில் ஏறினால் சத்தமே இல்லை.
படுவான்கரைக் கிறவல் ரோட்டின் குழியெல்லாம்
எங்களை அறியாத ஆட்களைப் போல
கீழால் கடந்து போயின.
கோபிகரன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

கல்லடிப் பாலத்தில் தாளத்தை நிறுத்தினான்.
கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்க
பின்னால் வண்டி
தலையாட்டத் தொடங்கிவிட்டது,
வேண்டாம் வேண்டாம் என்று.
இருபதில் ஊர்ந்தோம்.
பின்னால் வந்த பஸ்காரன்
கோர்ன் அடித்தே எங்களைக் கரை சேர்த்தான்.

அதோடு முடியவில்லை.
வண்டி உயர்ந்தது, இழுக்கிற பிக்கப் உயரவில்லை.
கொளுவியில் மாட்டினால் மூக்கு குத்தி நிற்கிறது.
பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும்
லாச்சிகள் திறந்து
மைனஸ் இரண்டும் பிளஸ் ஒன்றரையும்
தரையில் கலந்து உருண்டன.
"ஒண்ட உயர்த்தினா எல்லாத்தையும்தான் உயர்த்தணும் அக்கா"
என்றான் கோபிகரன்.
சம்பளத்தையும் சேர்த்துச் சொன்னானோ என்னவோ,
நான் கேட்கவில்லை.

பழுகாமத்தில் கயிலாயப்பிள்ளை வந்தார்.
வலது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்.
போன வருசம் ஒரே எட்டில் ஏறியவர்
படியைப் பார்த்தார்,
ஊன்றுகோலைப் பார்த்தார்,
வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார்.
"கண் இப்ப பரவாயில்ல பிள்ள" என்று திரும்பினார்.
அந்த அஞ்சு அங்குலம்
நிஸ்தாரின் டேப்பில் விரல் நீளம்தான்.

கோபிகரனிடம் எழுத்து அட்டையைக் கழற்றச் சொன்னேன்.
வண்டிக்குள் எப்போதும் பத்தடிதான் கிடைக்கும்;
மீதியைக் கண்ணாடியில் திருப்பி எடுத்து
ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.
வேப்பமரத்தில் அட்டை.
இருபது அடி அளந்து ஒரு பிளாஸ்டிக் கதிரை.
கயிலாயப்பிள்ளை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு
மேலிருந்து வாசித்தார்.
ட. ப. ம.
நாலாவது வரியில்
ஒரு மறி ஆடு குறுக்கே வந்து நின்றது.
"அதுவும் தெரியுது" என்றார்.

இன்னும் முடிவு எடுக்கவில்லை.
கொளுவியை உயர்த்த இருபத்தையாயிரம் கேட்கிறார் நிஸ்தார்,
மடிக்கிற படி ஒன்று ஒட்டப் பன்னிரண்டு.
திரும்ப இறக்கித் தரட்டுமா என்றும் கேட்டார்,
கொஞ்சம் கோபமாக.
ஐப்பசி பிறக்க மூன்று கிழமை இருக்கிறது.
இருட்டத் தொடங்க
சாமான் ஏற்றக் குனிந்தபோது பார்த்தேன்:
வண்டிக்கடியில் யாரோ வீட்டு நாய்
தலை இடிக்காமல் எழுந்து,
உடம்பை முழு நீளத்துக்கும் முறித்து,
திரும்பப் படுத்தது.