ஐம்பது சுழற்சி

பெட்டியைத் திறந்ததும்
வினிகர் வாடை.
பழைய நாடா சாகும்போது அப்படித்தான் நாறும்.
ஹல் நகரத்து மீன்வறுவல் கடை வாசலில்
நிற்பதுபோல் இருந்தது.
வெட்கமில்லாமல் பசித்தது.

ஏழு சுருள்கள், ஏழு தகர டப்பாக்கள்.
லூயிஷமில் மூடிப்போன சலவைக்கடை மாடியில்
கொதிகலனுக்குப் பின்னால் கிடந்தனவாம்.
கொண்டுவந்தவர் குழாய் ரிப்பேர்க்காரர்.
"குப்பையென்றால் சொல்லிவிடுங்கள்,
டப்பா எனக்கு ஆணி போட்டுவைக்க உதவும்."

மூடியில் பென்சில் எழுத்து:
டெஸ்மண்ட் குரோஷா. ஜனவரி அறுபத்தாறு.
கீழே, இரண்டு முறை அடிக்கோடிட்டு:
மூன்றாம் சரணம் மோசம். மாரிஸிடம் கொடுக்காதே.

யார் இந்தக் குரோஷா?
பகலில் பேருந்து நடத்துநர்.
இரவில் பாட்டு.
வுல்வர்ஹாம்ப்டன் பையன்கள் நால்வர்
ஒன்றே ஒன்றை வாங்கி
இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள்.
முன்பக்கத்தையே யாரும் கேட்கவில்லை.

முதல் சுருளை ஓட்டினேன்.
அணில் கீச்சிடுவதுபோல் ஒரு குரல்.
பேட்டரி சோர்ந்த ரெக்கார்டரில் பதிந்திருக்கிறான்.
அன்று அது நடந்தது, இன்று ஓடுகிறது.
சரியான வேகம் எது?
யாரைக் கேட்பது?

பாட்டை ஒதுக்கிவிட்டு
பாட்டுக்கு அடியில் கிடக்கும் முனகலைக் கேட்டேன்.
ஆம்ப்ளிஃபையர் வழியே
சுவரிலிருந்து கசிகிற மின்சாரம்.
நொடிக்கு ஐம்பது சுழற்சி.
இந்த நாட்டுக்கே ஒரு சுருதிப்பெட்டி,
யாரும் நிறுத்தியதில்லை.
அதை ஐம்பதுக்கு இறக்கினேன், மெல்ல.
கீச்சு கரைந்தது.
இருபத்தெட்டு வயது ஆண் ஒருவன்
தொண்டையைச் செருமிக்கொண்டு
என் அறைக்குள் வந்து உட்கார்ந்தான்.

ஆனால் அது ஜனவரி.
லண்டன் முழுக்க ஒரே மாலையில்
ஹீட்டரைத் தட்டியிருப்பார்கள்.
மின்நிலையம் மூச்சிரைத்து
நாற்பத்தொன்பதரைக்கு இறங்கியிருக்கலாம்.
அப்படியானால் என் சரியும்
ஒரு மயிரிழை தப்பு.

பேருந்தின் மேல்தளத்தில்
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
நடத்துநர் போட்டுப்பார்க்கிறான். சிறியது.
அடுத்த நிறுத்தத்தில் யாரும் ஏறவில்லை.
அவ்வளவுதான் பாட்டு.
மூன்றாம் சரணத்தில் நிலாவைக் கூட்டிவந்து
கெடுத்துக்கொள்கிறான்.
அவனுக்கே தெரிகிறது.
பாதியில் கிடாரை நிறுத்தி
ஒரு கெட்டவார்த்தை சொல்கிறான்.
முழு நாடாவிலும்
அந்த வார்த்தைதான் அத்தனை தெளிவு.

கிரிம்ஸ்பியில் இருந்தார்.
எண்பத்தெட்டு வயது, ஒரு காது போய்விட்டது.
முதியோர் இல்லத்துத் தொலைபேசியில்
நல்ல காதை வைக்கச் சொல்லி
ஸ்பீக்கரின் வாயருகே ரிசீவரைப் பிடித்தேன்.
முழுவதும் கேட்டார்.

"கொஞ்சம் மேல நிக்குது."

பிறகு, "நிலா ஒழிஞ்சுதா?"
ஒழியவில்லை, நாடாவில் அப்படியே இருக்கிறது என்றேன்.
"எழுபத்திரண்டுலயே அதைச் சரிபண்ணிட்டேன்.
அப்ப நான் டிரைவர் ஆயிட்டேன்.
சிவப்பு விளக்குல நிக்கும்போது வந்துச்சு."

பாடினார். நான்கு வரி.
நிலா இல்லை.
கையுறையின் கட்டைவிரலுக்குள்
ஒரு பென்னி இருந்தது,
அது யாருடைய மீதிச் சில்லறை என்று ஏதோ வந்தது,
கடைசி வரி கதவுபோல் மடங்கிச் சாத்தியது.

நாற்பது ஆண்டுகளாகப் பதிவுசெய்கிறவன் நான்.
கையெட்டும் தூரத்தில் மூன்று இயந்திரங்கள்.
வாயைப் பிளந்துகொண்டு
கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தரம் என்றதும் சிரித்தார்.
"சாப்பாட்டு மணி அடிச்சாச்சுப்பா.
வெள்ளிக்கிழமை. மீன்."

பட்டியலில் எழுதினேன்:
சுருள் ஒன்று. கையுறை. ஒலி சுமார்.
மூன்றாம் சரணம் மோசம்.
வேறொன்று உண்டு.
அதற்குமேல் எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.

திங்களன்று குழாய்க்காரர் வந்து
டப்பாக்களைக் கேட்டார்.
ஆறு கொடுத்தேன்.