ஆறு பவுண்ட்

வெருலம் கடைத்தெரு, சனிக்கிழமை.
எந்த மீன் என்று கேட்கமாட்டார் பூபாலன்.
நுனியில் எதைக் கட்டப்போகிறீர்கள் என்பார்.

தவளையா?
அப்படியானால் பின்னல் நரம்பு, ஐம்பது பவுண்ட்.
ஆகாயத்தாமரை மேல் ரப்பர் தவளை தத்தித் தத்திப் போகும்,
கீழிருந்து பாஸ் ஒன்று
கதவை உதைத்துத் திறப்பதுபோல் எழும்,
இழுத்தால் மீனோடு
அரைக் கூடைக் களையும் கூடவே வரும்.
துளியும் நீளாத நரம்பு வேண்டும் அதற்கு,
இரக்கம் பார்க்காத ஜாதி.

நீர்மேல் எச்சில் உமிழ்ந்துகொண்டு போகும் பாப்பரா?
நைலான். மிதக்கும்.
கொஞ்சம் நீண்டுகொடுத்து
அவசரக்காரர்களைக் காப்பாற்றும்.
(நான் அவசரக்காரி.
மீன் வாயை மூடுமுன்னே இழுத்துவிடுவேன்.)

அடியைத் தட்டிக்கொண்டு போகும் ஜிக் என்றால்
ஃப்ளூரோகார்பன். மூழ்கும்.
தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது,
விலை மட்டும் நன்றாகத் தெரியும்.
முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள் மேடம்,
உலர இறுக்கினால் சூட்டில் வெந்துபோகும் என்றார்.
பல் மருத்துவமனையில் பதினான்கு வருடம்.
எச்சிலைப் பற்றி எனக்கே சொல்கிறார்.

பன்னிரண்டு பவுண்ட் வாங்கினேன்.

இனாண்டா அணை, காலை ஐந்தரை.
படகு ம்தோகோசிசியுடையது.
எங்கள் மருத்துவமனைக்குப் பல்செட் செய்கிறவன்,
மெழுகு படிந்த நகங்கள்.
பனி விலகாத தண்ணீரில்
அவன் மோட்டாரைத் தாழ்த்தியே ஓட்டினான்.

புதிய நரம்பு விரலுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது:
சேறு, சேறு, சரளை,
ஏதோ ஒரு கிளை,
மறுபடி சேறு,
பிறகு திடீரென்று
கல், கல், கல்.
ஒரே மட்டம். அடுக்கிவைத்த கல்.
அங்கே மாட்டிக்கொண்டது ஜிக்.

கோலை வளைத்து இழுத்தேன்.
படகுதான் நகர்ந்தது.
கையில் சுற்றிக்கொண்டு இழுத்தேன்.
இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போய்.
நரம்பு வீணைபோல் நின்று அதிர்ந்ததே தவிர
அறுவதாயில்லை.

கத்தரியை எடு, என்றான்.
எழுபது ரேண்ட் ஜிக் ஐயா அது, என்றேன்.
எங்கள் மாட்டுத்தொழுவம் அது, என்றான்.

எட்டு வயதில் லாரியில் ஏறியவன்.
கோழிகள் ஏறின, தகரம் ஏறியது,
கதவைக் கழற்றி ஏற்றினார்கள்.
சுவர் எப்படி ஏறும்.
தொழுவத்து ஓரம்தான் பெரியவர்களைப் புதைப்போம், என்றான்.
தோண்டி எடுத்துப் போனார்களாம்.
கணக்கில் ஒருவர் குறைந்ததாக
வீட்டில் இன்றைக்கும் பேச்சு.

நான் கோலைத் தாழ்த்தினேன்.
அவனே கத்தரித்தான்.
மூழ்கும் ரகம். மூழ்கியது.

இந்தப் பக்கம் வந்தால்
ஆறு பவுண்ட் போடு,
மாட்டினால் தானே அறுந்துவிடும்,
பிடித்துக்கொண்டு நிற்காது.
பெரிய மீன் வந்தால்?
போகட்டும்.

இரண்டு வருடமாய் இந்தப் படகில்
இவன் நரம்பு அறும்போதெல்லாம்
சிரித்திருக்கிறேன்.
முடிச்சுப் போடத் தெரியாதவன் என்று
மதிய உணவு மேசையில்
எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

அன்று ஒரு மீன் கிடைத்தது, அதுவும் அவனுக்கு,
கையளவு.
வாயிலிருந்து கொக்கியைக் கழற்றும்போது
பல் பார்க்கிறவன்போலவே
தாடையைப் பிடித்துக்கொண்டான்.
விட்டுவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை பூபாலனிடம் போனேன்.
ஜிக்குக்கு ஆறு பவுண்டா, அதுவும் இனாண்டாவிலா,
அறுந்துபோகுமே மேடம்?
தெரியும், என்றேன்.

ஏணி போட்டு ஏறி எடுத்தார்.
பெட்டிமேல் தூசி.
ஊதித் துடைத்து, பத்து ரேண்ட் குறைத்தார்.
யாரும் வாங்குவதில்லையாம்
இதை,
ஒரே ஒருவரைத் தவிர.